அம்பாள் அட்டையை வாசித்த ஸ்டெல்லா

"ஸ்டெல்லா, வரயா? அம்பாள் காத்துண்டிருக்கா."

செகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் கன்டோன்மென்ட் மதில் ஓரமாகப் போகும் சந்தில், ஒரு பழைய அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில், தினமும் காலையில் கேட்கிற குரல் இது. கூப்பிடுகிறவர் அங்கே தனியாக இருக்கும் கல்பகம் மாமி. எதிர் வீட்டில் ஸ்டெல்லா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தா வாரேன் மாமி" என்று கிளம்புவாள். செருப்பைத் தன் வாசலிலேயே விட்டுவிடுவாள்.

உள்ளே பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு மணை. மணை மேல் மாமியின் செல்போன். ஈரத் துணியால் துடைக்கப்பட்டு, தலையில் ஒரு செம்பருத்தியோடு அது சாய்ந்திருக்கும். மாமியின் மகள் ஹம்ஸினி நெதர்லாந்தில் இருக்கிறாள். போன நவராத்திரிக்கு வந்தவள் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்தப் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்தால் கவிழ்த்துப் போட்ட சீட்டுகள் விசிறி மாதிரி விரியும். மனதில் ஒரு கேள்வியை நினைத்து ஒன்றைத் தொட்டால் அது திரும்பி ஒரு தேவியின் படம் வரும். படத்துக்குக் கீழே அந்த தேவி என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி.

அந்த நாலு வரியை மாமியால் படிக்க முடியாது. ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. படத்தின் நிறம் தெரியும், உருவம் மங்கலாகத் தெரியும், எழுத்து மட்டும் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் தொடுவது மாமி, வாசிப்பது ஸ்டெல்லா. இந்தப் பங்கீட்டில் இருவருக்கும் சௌகரியம். மாமியைப் பொறுத்தவரை யார் விரல் படுகிறதோ அவர்களுக்குத்தான் பலன். ஸ்டெல்லாவைப் பொறுத்தவரை அவள் சீட்டைத் தொடவில்லை.

"நான் தொடலியே. வாசிக்கத்தான செய்யுதேன்" என்பாள் கணவர் ஜேம்ஸிடம்.

ஜேம்ஸ் சபையின் கமிட்டியில் இருப்பவர். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சர்ச்சுல நம்ம ஐயர் கேட்டாலும் இதையே சொல்லு" என்பார். அதற்கு மேல் தடுக்க மாட்டார். எதிர் வீட்டு டிகிரி காப்பியில் அரை டம்ளர் அவருக்கும் வந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவளுடைய அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அவள் பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசலில் தெலுங்கு, குழாயடியில் உருது, பள்ளியில் ஆங்கிலம். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றாள். ஒரே மகன் டேனியல் துபாயில்.

அவளுக்கு ஒரு குணம். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் தாங்காது. ஃபாக்டரியில் யாருக்காவது கண்காணாத ஊருக்கு மாற்றல் வந்தால், "அங்கன நல்ல தண்ணியாம்லா, உங்க முடி கொட்டுறது நின்னுரும்" என்று ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவாள். சாவு வீட்டில்கூட அழுகிறவர்களின் கையில் தேநீரைத் திணித்து, "கடைசில அவுகளுக்கு வலி இல்லலா" என்பாள். பொய் சொல்ல மாட்டாள். இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுப்பாள், அவ்வளவுதான். கோதுமையில் கல் பொறுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டெல்லா கல்லில் கோதுமை பொறுக்குகிறவள்.

சீட்டு என்றால் அவளுக்குத் தெரிந்தது வாக்குத்தத்த அட்டைதான். புத்தாண்டு ஆராதனையில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குச் சொந்தம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். அந்த அட்டைகளில் ஒருபோதும் கெட்டது இருக்காது. எச்சரிக்கை இருக்காது. காப்பேன், நடத்துவேன், கூட இருப்பேன் என்ற உறுதிமொழி மட்டுமே இருக்கும். அது அச்சிடுகிறவர்கள் பார்த்துப் பொறுக்கியது என்று ஸ்டெல்லா யோசித்ததே இல்லை. கவிழ்த்து வைத்த அட்டையைத் திருப்பினால் ஆறுதல் வரும். அவளுக்கு உலகம் அப்படித்தான் அமைந்திருந்தது.

அதே பழக்கத்தில்தான் மாமியின் போனையும் வாசித்தாள்.

ஒருநாள் காடு எரிய, நடுவில் ஒரு தேவி நிற்கிற படம் வந்தது. நீ இறுக்கிப் பிடித்திருப்பது எரிந்து போகும், விடு என்று கீழே போட்டிருந்தது. ஸ்டெல்லா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "மாமி, உங்க பழைய கஷ்டமெல்லாம் எரிஞ்சி போயிருமாம். இனிமே லேசா இருக்கலாமாம்" என்றாள்.

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு நாள் பூனைத் தலையோடு ஒரு தேவி வந்தாள்.

"என்னடி இது, மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?"

"எகிப்து தேசத்து அம்மனாம் மாமி. பூனை மொகம்."

"அங்கேயும் இருக்காளா? சரி, அவ என்ன சொல்றா?"

"வீட்டை நல்லாப் பாத்துக்கிடுவாளாம்."

"பூனைன்னா வீட்டோடதான் இருக்கும். சரியாத்தான் சொல்றா."

இப்படிச் சிரிப்பும் காப்பியுமாக ஓடிய காலைகளுக்கு அடியில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. மாமி தினமும் மனதுக்குள் கேட்பது அதைத்தான்: கண் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமா, கூடாதா?

செகந்திராபாத்தில் கண் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். இன்னும் தள்ளினால் புரை முற்றிவிடும், பிறகு கையாள்வது கஷ்டம், பார்வைக்கே உத்தரவாதம் இல்லை. ஹம்ஸினி வாரா வாரம் வீடியோவில் வந்து, "அம்மா, இட்ஸ் அ சிம்பிள் ப்ரொசீஜர் மா, கெட் இட் டன்" என்று கெஞ்சினாள். மாமி அசையவில்லை. மாமியின் பிறந்த வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் சன்னிதியில் பூ கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. கைக்கு எது வருகிறதோ அதுதான் உத்தரவு. வந்த பிறகு மறு பேச்சு கிடையாது. அந்த வழக்கத்தைத்தான் மாமி இந்தப் போனுக்கும் மாற்றியிருந்தார். அம்பாள் உத்தரவு தந்தால் ஆபரேஷன். அதுவரை இல்லை.

அம்பாளோ, ஸ்டெல்லாவின் வாய் வழியாக, ஆறுதல் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அதன் விளைவு விளங்கியது. ஸ்டெல்லா கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தாள். மாமி குத்துவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்து, முன்னால் சரிந்திருந்த தன் புடவைத் தலைப்புக்கே கொண்டுபோனார். நூல் புடவை, சட்டென்று பிடித்துக்கொண்டது. மாமிக்கு அது தெரியவே இல்லை. "திரி நன்னா பிடிச்சுண்டுது" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஸ்டெல்லா பாய்ந்து தலைப்பை இழுத்துக் காலால் மிதித்து அணைத்தாள். உள்ளங்கால் பொத்துப் போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? என்ன கருகற வாசனை?"

"உங்க புடவை மாமி. உங்க புடவைல தீ பிடிச்சிருச்சி. ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமி, இனியும் தள்ளக் கூடாது."

மாமி கருகிய நுனியைத் தடவிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு நிதானமானார்.

"பாத்தியா, உன்னை முன்னாடியே அனுப்பி வெச்சிருக்கா. தினம் என்ன சொல்றா? பயப்படாதே, நான் இருக்கேன், பாத்துக்கறேன்னுதானே நீயே வாசிக்கறே? ஒருநாளாவது கத்தி வெச்சுக்கோன்னு சொல்லியிருக்காளா? பாத்துக்கறவ கண்ணையும் பாத்துப்பாடி."

ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் ஆறுதல் என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்ததையெல்லாம் இந்த அம்மாள் ஒரு சுவராக அடுக்கி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தது தன் நாக்கு. அன்று அந்த நல்ல மனுஷி பட்ட வேதனையைப் பார்த்திருந்தால் கல்லும் கரைந்திருக்கும்.

மத்தியானம் ஜேம்ஸ் அவள் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். "நாளைக்கு எந்தச் சீட்டு வந்தாலும், ஆபரேஷன் செஞ்சுக்கோன்னு எழுதிருக்குன்னு சொல்லிரப் போறேன்."

"ஏட்டி, பொய்யா சொல்லப் போற?"

"கண்ணு வேணும்லா."

"வேணும். ஆனா ஒருத்தங்க சாமியக் கும்பிட்டுக் கேக்காங்க. நீ நடுவுல நின்னு அந்தச் சாமி பேர்ல பொய்யச் சொல்லுவியா? நம்ம கோயில்ல ஒருத்தன் அப்பிடி வசனத்த மாத்தி வாசிச்சா நீ சும்ம இருப்பியா?"

"சும்ம கெடங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மறுநாள் காலை மணைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். மாமி வழக்கத்தைவிட அதிக நேரம் கை கூப்பியிருந்தார். புரை விழுந்த கண்களிலிருந்து நீர் இறங்கியது. நேற்றைய தீ அவரையும் உள்ளுக்குள் சுட்டுவிட்டிருந்தது. "இன்னிக்கு ஒரு வழி சொல்லிடும்மா" என்று வாய்விட்டே கேட்டுவிட்டு, விரலால் தொட்டார்.

சீட்டு திரும்பியது. வெள்ளைப் புடவையில், விரித்த நரைமுடியோடு ஒரு கிழவி. கையில் முறம். ஒரு தேரில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு காக்கை. தூமாவதி என்று பெயர் போட்டிருந்தது.

"யாருடி? வெள்ளையா தெரியறது. சரஸ்வதியா?"

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். தயார் செய்திருந்த வாக்கியம் நாக்கில் நின்றது. கூப்பிய கைகளைப் பார்த்தாள். முடியவில்லை. அத்தனை நாளும் நல்லதைப் பொறுக்கிச் சொன்னது வேறு. இல்லாததைச் சொல்வது வேறு. நம்பிக் கேட்கிற ஒருத்தியின் தெய்வத்தின் வாயில் தன் வார்த்தையை வைக்க அவளால் முடியவில்லை.

"சரஸ்வதி இல்ல மாமி. தூமாவதின்னு போட்டிருக்கு. வயசான அம்மா. தேர்ல ஒத்தைல உக்காந்திருக்கா. தேர்ல குதிரையே பூட்டல."

மாமி போன் பக்கமாகக் குனிந்தார்.

"கீழ போட்டிருக்கறத அப்பிடியே சொல்லுதேன். பொறுத்திரு. அவசரப்படாதே. உன் இழப்போடு சும்மா உட்கார்ந்திரு. புகை தானாக விலகும் வரை எங்கேயும் கிளம்பாதே. அவ்வளவுதான் மாமி."

"இதுவரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததில்லையே."

"வந்திருக்கு மாமி. எச்சரிக்கை எத்தனையோ வந்திருக்கு. நான்தான் அதுல உள்ள நல்லத மட்டும் எடுத்துச் சொல்லிருக்கேன். எங்க கோயில் அட்டைல நல்லது மட்டும்தான் இருக்கும். எல்லா அட்டையும் அப்பிடித்தான்னு நெனச்சிட்டேன்."

மாமி செம்பருத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போனது போகட்டும். இன்னிக்கு நேராச் சொல்லிட்டா. கிளம்பாதேன்னுட்டா. முடிஞ்சுது."

"முடியல்ல மாமி." ஸ்டெல்லாவின் குரல் உடைந்தது. "அவ பொறுக்கச் சொல்லுதா. நான் பொறுக்க மாட்டேன். நேத்து அந்தத் தீய நான் மிதிச்சேன். நாளைக்கு நான் வர ஒரு நிமிஷம் பிந்திச்சின்னா? அவ தரல்லேன்னா நான் தாறேன் உத்தரவு. வாங்க, போவோம்."

மாமி நிமிர்ந்தார். "நீ யாருடி எனக்கு உத்தரவு போட? என் குலதெய்வமா நீ?"

அந்த வார்த்தை ஸ்டெல்லாவின் மார்பில் ஈட்டியாக இறங்கியது. காப்பியைத் தொடாமல் எழுந்தாள். தீப்பட்ட காலைத் தாங்கித் தாங்கி நடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் காலைகளில் அந்த மாடியில் குரல் கேட்கவில்லை. ஸ்டெல்லா அடுப்படியில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். குக்கர் சத்தம் கேட்கும், லிஃப்ட் சத்தம் கேட்கும், கன்டோன்மென்ட் மைதானத்தில் சிப்பாய்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். வேண்டிய சத்தம் மட்டும் வராது. ஜேம்ஸ் பேப்பரை மடித்துவிட்டு, "நான் வேணா போயி காப்பி கேட்டுட்டு வரட்டா?" என்று அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். "தீப்பெட்டி எடுக்காமலாவது இருக்காளான்னு பாத்துட்டு வாங்க" என்றாள்.

பள்ளி வேன்களெல்லாம் போய் ஓய்ந்த ஒரு காலை வேளையில் கதவு தட்டப்பட்டது. ஸ்டெல்லா திறந்தாள். கல்பகம் மாமி. இத்தனை வருஷத்தில் அவர் இந்த வாசலுக்கு வந்ததே இல்லை. கூப்பிடுவது அவர், போவது ஸ்டெல்லா. இன்றைக்கு ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்திருந்தார். உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு.

"உள்ள வாங்க மாமி."

மாமி முதலில் தட்டுப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். ஜேம்ஸ் மெல்ல எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"குதிரை இல்லாத தேருன்னு சொன்னியே. அன்னிலேர்ந்து தூக்கமில்லடி. ஒருத்தி தேர்ல ஏறி உக்காந்துட்டா, போகவும் முடியல, இறங்கவும் முடியல. அது அம்பாள் இல்ல. நான்."

ஸ்டெல்லா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"எங்காத்து மாமாவுக்கு ஹெர்னியா. சின்ன ஆபரேஷன்தான்னா. நடந்தே உள்ள போனார். போறச்சே வாட்சைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, சாயங்காலம் டிபன் கேன்டீன்ல வேண்டாம், ஆத்துல பண்ணுன்னார். அவர் ஒரு பெரிய டிஃபென்ஸ் லேப்ல ஆபீசர், எத்தனை பேர் சல்யூட் அடிச்சா. ஆனா அன்னிக்கு அந்தப் பெஞ்சுல நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன். ஹம்ஸினிக்கு டிக்கெட் கிடைக்கல. கதவு திறந்துது. நர்ஸ் வந்து, கூட யாரு இருக்கான்னு கேட்டா. நான்தான்னேன். வேற யாரும் இல்லையான்னா. இல்லைன்னேன். அவ முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுடுத்து."

மாமியின் குரல் அடங்கிப் போனது.

"எனக்குக் கத்தி பயம் இல்லடி ஸ்டெல்லா. அந்தக் கதவுக்கு வெளியில நர்ஸ் வந்து கூட யாருன்னு கேக்கறப்போ, எனக்குன்னு எழுந்திருக்க அங்க யாரும் இல்லாம இருக்குமேன்னுதான். அதை எந்த அம்பாள்கிட்ட கேக்கறது? அதான் உத்தரவு, உத்தரவுன்னு தள்ளிண்டே போனேன்."

ஸ்டெல்லா அவருடைய சுண்ணாம்புக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். கண்ணீர்த் துளிகள் அந்தக் கையிலேயே விழுந்தன.

"நான் எழுந்திருப்பேன் மாமி."

"பாதில எழுந்து போய்ட மாட்டியே?"

"போவ மாட்டேன்."

"ஜேம்ஸுக்கு சாப்பாடு?"

பால்கனியிலிருந்து ஜேம்ஸின் குரல் வந்தது. "நானும் அதே பெஞ்சுலதான் மாமி உக்காரப் போறேன். எனக்கும் சேர்த்து அங்கன வாங்கிக்கிடுதேன்."

மாமி ஈரக் கன்னத்தோடு சிரித்தார். "இந்த மனுஷன் ஒட்டுக் கேட்டுண்டிருக்கார் பாரு."

"ஹவ் மாமி, அவுகளுக்கு வேற என்ன வேலை" என்றாள் ஸ்டெல்லா, குழாயடி உருதுவில் ஆமாம் போட்டு.

அந்த வாரமே கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி போட்டு, கண்ணுக்கு மேல் ஒரு சின்ன அடையாளம் ஒட்டி, மாமியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தியேட்டர் வாசலில் ஒரு இளம் நர்ஸ் நின்றாள். மாமியின் வைர மூக்குத்தியைப் பார்த்தாள், ஸ்டெல்லாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "மீரு ஏமவுதாரு?" என்று கேட்டாள். நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று அர்த்தம்.

பக்கத்து வீடு என்று சொல்ல ஸ்டெல்லா வாயெடுத்தாள். அதற்குள் மாமி நாற்காலியிலிருந்தே முந்திக்கொண்டார்.

"நா செல்லெலு."

என் தங்கை. நர்ஸ் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அசையவில்லை. ஜேம்ஸ் வாங்கி வந்த தேநீர் அவள் பக்கத்திலேயே ஆறிப்போய் ஆடை கட்டியது. அந்தப் பெண் அன்று எத்தனை ஜெபம் செய்தாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். கதவு திறந்ததும் நர்ஸ் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆயிந்தி அம்மா. பாகுன்னாரு."

முடிந்தது, நன்றாக இருக்கிறார். நர்ஸ் தள்ளி வந்த நாற்காலியில், ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு மாமி இருந்தார். மறு கண்ணால் ஒன்றும் சரியாகத் தெரியாமல், கையை மட்டும் காற்றில் நீட்டித் தேடினார். ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். ஜேம்ஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

கண் ஆறி, டாக்டர் மறு கண்ணையும் சீக்கிரம் செய்துவிடலாம் என்று சொல்லியிருந்த நாட்களில் ஒரு காலை. ஸ்டெல்லா மாமிக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அடுத்த கண்ணுக்கும் அம்பாள்கிட்ட கேட்டுப் பாக்கணும்லா மாமி? போனை எடுத்து வைக்கட்டுமா?"

"நக்கோ" என்றார் மாமி, ஸ்டெல்லாவின் குழாயடி உருதுவிலேயே வேண்டாம் என்று. "காலம்பற ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி நாள் வாங்கியாச்சு. வர்ற புதன்கிழமை. உனக்கு அன்னிக்கு சர்ச்சுல ஒண்ணும் இல்லையே?"

"இருந்தாலும் வாரேன் மாமி."

"ஜேம்ஸையும் கூட்டிண்டு வா. இந்தத் தடவை அவருக்கு இட்லி நான் கட்டி எடுத்துண்டு வரேன். அந்தக் கேன்டீன் டீயைக் குடிச்சுத்தான் அன்னிக்கு அவருக்கு மூக்கு ஒழுகித்து."

மாமி எழுந்தார். சுவரைத் தொடாமல் நடந்து, அரிசி ஊறப்போட அடுப்படிக்குப் போனார்.